பந்திக்குப் போன படை

காணும் பொங்கலுக்கு அந்த ஊரில் உறியடி நடத்தினால் உறி உடைவதற்கு முன்னால் மண்டை உடையும். அதை நிறுத்திவிட்டுக் கபடி வைத்தார்கள். கபடியில் மேலத்தெருவுக்கு ஒரு தோள்பட்டையும் கீழத்தெருவுக்கு ஒரு முழங்காலும் போயின. இந்த ஆண்டு அனுமதி கேட்கப் போனபோது இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார். ஆள் மேல் ஆள் கை படக்கூடாது. அப்படி ஒரு விளையாட்டு இருந்தால் நடத்திக்கொள்ளலாம்.

இளைஞர் மன்றச் செயலாளர் செழியன் நன்றாக யோசித்து மனிதச் சதுரங்கம் என்று முடிவு செய்தான். காய்களுக்குப் பதில் ஆட்கள் நிற்பார்கள். சொன்ன கட்டத்துக்கு நடந்து போவார்கள். யாரும் யாரையும் தொட வேண்டியதே இல்லை. இன்ஸ்பெக்டருக்கும் அது பிடித்துப்போனது. இருந்தாலும் பாதுகாப்புக்குச் செந்தமிழ்ச்செல்வி என்ற பெண் காவலரை அனுப்பி வைத்தார்.

ஊரில் யாருக்கும் சதுரங்கம் தெரியாது. ஆகவே நைனார்பாளையம் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்த வெங்கடேசனை அழைத்தார்கள். அவர் கல்லூரி விடுதியில் நான்கு வருடம் ஆடியவர். எந்தக் காய் எப்படிப் போகும் என்பது அவருக்கு அத்துப்படி. ஏன் அப்படிப் போகிறது என்று மட்டும் அதுவரை அவரை யாரும் கேட்டதில்லை. கள்ளக்குறிச்சி வீட்டிலிருந்து காலைப் பேருந்துக்குக் கிளம்பும்போது, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தார்.

களத்துமேட்டில் கட்டம் போட்டிருந்தார்கள். ஒரு கட்டத்துக்குச் சுண்ணாம்பு, அடுத்ததற்குச் சாணிக் கரைசல். மேலத்தெரு வெள்ளை. கீழத்தெரு கருப்பு. சபரிமலைக்குப் போய்வந்த கருப்புத் துண்டுகள் வீட்டுக்கு வீடு கிடந்ததால் கீழத்தெருவுக்குச் சிரமமே இல்லை. பள்ளிக்கூடச் சுவரை ஒட்டிய பந்தலில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு தெருவுக்கும் சேர்த்துப் பந்தி என்று ஏற்பாடு.

வெள்ளை ராஜாவாக ராமசாமி நின்றார். மேலத்தெருவில் பாதிக் கரும்பு அவருடையது. கருப்பு ராஜா பகலவன், ராமசாமியின் மனைவி லட்சுமியம்மாளுக்குக் கூடப்பிறந்த தம்பி. ராமசாமியின் மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரைக் கடைசி வரியில் போட்டுவிட்டார்கள் என்று பகலவன் கோபித்துக்கொண்டு போனவன். அன்று முதல் மாமனுக்கும் மச்சானுக்கும் பேச்சு கிடையாது. அதனால் இருவரும் எதைக் கேட்பதாக இருந்தாலும் வெங்கடேசனைப் பார்த்துத்தான் கேட்டார்கள்.

"ராஜா எவ்ளோ தூரம் போவலாம் சார்?" என்றார் ராமசாமி.

"எந்தப் பக்கம் வேணா போவலாங்க. ஆனா ஒரே ஒரு கட்டந்தான்."

"ராணி?"

"எந்தப் பக்கமும் போவலாம். எவ்ளோ தூரம் வேணாலும் போவலாம்."

வெள்ளை ராணியாக நின்றது லட்சுமியம்மாள்தான். ராமசாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். "அவ அவ்ளோ தூரம் போயி இன்னா பண்ணப் போறா?"

"உளுந்தூர்பேட்டை வரைக்கும் போவலாமா சார்?" என்று லட்சுமியம்மாள் ஆவலாகக் கேட்டாள். மகளைக் கட்டிக் கொடுத்த ஊர் அது.

"கட்டத்துக்குள்ளதாங்கம்மா."

அவள் முகம் வாடிவிட்டது. எதிர்ப்பக்கம் பகலவனின் மனைவி பொங்கலுக்கு ரிஷிவந்தியத்தில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அதனால் செழியனே மீசையோடு கருப்பு ராணியாக நின்றான். ஆம்பளை ராணியாக இருக்கலாமா என்று மூன்று பேர் கேட்டார்கள். இருக்கலாம் என்று வெங்கடேசன் மைக்கில் அறிவித்தார்.

வெள்ளைதான் முதலில் நகர வேண்டும் என்றதும் பகலவன் கையைத் தூக்கினான்.

"அவரு ஏன் சார் மொதல்ல?"

"அது விதிங்க."

"யாரு போட்ட விதி?"

"ரொம்ப நாளா அப்படித்தாங்க."

"ரொம்ப நாளாவா? அப்ப பத்திரிகையில பேரைக் கடைசியில போடுறது இங்கேர்ந்துதான் ஆரம்பமாயிருக்குது."

ராமசாமி வானத்தைப் பார்த்தார். முதலில் போகிறவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு நிதானமாகச் செய்யலாமே என்று வெங்கடேசன் சமாதானம் சொன்னார். பகலவன் அதை யோசித்துப் பார்த்து, அது கொஞ்சம் ஜாஸ்தி மரியாதைதான் என்று ஒப்புக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கியது. நாற்று நடப் போகும் சாலம்மாள் வெள்ளைச் சிப்பாய். அவளை இரண்டு கட்டம் முன்னால் போகச் சொன்னார் ராமசாமி. போய் நின்ற பிறகுதான், செருப்பைப் பழைய கட்டத்திலேயே கழற்றி விட்டுவிட்டது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"சார், ஒரு எட்டு போயி எடுத்தாந்துரட்டுமா?"

"சிப்பாய் பின்னாடி வரக்கூடாதும்மா."

"செருப்பு எடுக்கக்கூடவா?"

"எதுக்குமே கூடாது."

உடனே பகலவன் வேறொரு சந்தேகத்தைக் கிளப்பினான். ஒரு கட்டத்தில் செருப்பு கிடந்தால் அதில் ஆள் இருப்பதாகக் கணக்கா, காலியாக இருப்பதாகக் கணக்கா? வெங்கடேசன் அப்படி ஒரு கேள்வியை வாழ்நாளில் சந்தித்ததில்லை. செருப்பு காய் அல்ல என்று தீர்ப்புச் சொல்லி, தானே நடந்து போய் எடுத்துவந்து அவளிடம் கொடுத்தார். நடுவர் மட்டும் எந்தக் கட்டத்துக்கும் எப்படி வேண்டுமானாலும் போகலாமா என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள். அவர் காதில் விழாததுபோல மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் முதல் வெட்டு விழுந்தது. சாலம்மாளுக்குக் கோணலாக ஒரு கருப்புச் சிப்பாய் வந்து நின்றான்.

"நேரா நிக்கிறவனை வுட்டுட்டுக் கோணலா நிக்கிறவனை ஏன் வெட்டணும்? அவன் எனக்கு இன்னா பண்ணான்?" என்றாள் சாலம்மாள்.

"சிப்பாய் நேரா நடக்கும், கோணலாத்தான் வெட்டும். வெட்டும்மா."

அவள் தயங்கித் தயங்கிக் கோணலாக ஒரு கட்டம் வைத்தாள். வெங்கடேசன் உற்சாகமாகி மைக்கில், "சாலம்மாள் வெட்டிவிட்டார்! மேலத்தெரு முதல் ஆளை வெட்டிவிட்டது!" என்று முழங்கினார். ஒலிபெருக்கி பனைமர உயரத்தில் கட்டப்பட்டிருந்தது. சின்னசேலம் சாலை வரைக்கும் கேட்டது.

புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த செந்தமிழ்ச்செல்வி செல்போனைக் காதில் வைத்தபடி ஓடிவந்தாள்.

"சார், நிறுத்துங்க! ரோட்ல போற எவனோ ஸ்டேஷனுக்குப் போன் அடிச்சிட்டான். ஊர்ல மைக் வச்சி வெட்டிக்கினு கீறாங்கன்னு. ஐயா ஜீப்பை எடுக்கச் சொல்லிட்டாரு."

"அய்யோ, அது ஆட்டத்துல சொல்ற வார்த்தைம்மா."

"எனக்குத் தெரியுது. ஐயாவுக்கு நான் சொல்லிக்கிறேன். ஆனா அந்த வார்த்தை இனிமே வரக்கூடாது."

என்ன வார்த்தை போடுவது என்று அங்கேயே ஆலோசனை நடந்தது. 'அடி' கூடாது. 'எடு' என்று சொல்லலாம் என்றான் செழியன். இன்னாரை எடுத்துவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் பிணத்தை எடுத்துவிட்டதாக ஒப்பாரி வைத்துக்கொண்டு ஆள் வந்துவிடும் என்றாள் லட்சுமியம்மாள். 'தூக்கு' என்பது எல்லாவற்றையும்விட மோசம் என்று செந்தமிழ்ச்செல்வியே கையை ஆட்டிவிட்டாள். கடைசியில் அவள் பந்தலைப் பார்த்தாள். "பந்திக்கு அனுப்பிட்டாருன்னு சொல்லுங்க சார். அதுல இன்னா தப்பு வரப் போவுது?"

வெங்கடேசன் அறிவித்தார்: "சாலம்மாள் எதிரிச் சிப்பாயைப் பந்திக்கு அனுப்பிவிட்டார்!"

அந்தச் சிப்பாய் விவரம் தெரியாதவன். சொன்னபடி நேராகப் பந்தலுக்குப் போய் உட்கார்ந்தான். பரிமாறுகிறவர்களும் மைக்கில் கேட்டதை நம்பி இலை போட்டார்கள். களத்தில் நின்ற முப்பத்தொரு பேரும், அவன் நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சுவதைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு ஆட்டத்தின் போக்கே மாறிவிட்டது.

"ஐயா, என்னை அந்த மந்திரிக்குப் பக்கத்துல வுடுங்க."

"என்னை மொதல்ல வுடுங்க ஐயா. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல."

அதுவரை வெட்டுப்பட மாட்டேன் என்று முறைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எதிரியின் வாயில் போய் நிற்கத் துடித்தார்கள். ஆனால் இரண்டு ராஜாக்களுக்கும் ஒரே நேரத்தில் ஒரு விஷயம் உறைத்தது. தான் வெட்டினால் போய் உட்காருவது எதிர்த்தெரு ஆள்.

"நான் ஏன் சார் அவங்க தெருவுக்குச் சோறு போடணும்?" என்றான் பகலவன். "அவங்க மொதல்ல உக்காந்தாங்கன்னா கறி பூரா போயிடும். நமக்குக் கொழம்புதான் மிஞ்சும்."

ராமசாமியும் அதையே வேறு வார்த்தைகளில் சொன்னார். அதன் பிறகு எதிரே யார் வந்து நின்றாலும் இருவரும் கண்டுகொள்ளவில்லை. ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். வெட்டாதே என்று கெஞ்சிய ஆட்டத்தைத்தான் வெங்கடேசன் பார்த்திருக்கிறார். வெட்டு வெட்டு என்று காய்கள் கெஞ்சுவதும் ராஜாக்கள் மறுப்பதும் அவருக்குப் புதிது.

இதற்கிடையே வெள்ளைக் குதிரையால் ஒரு தகராறு. குதிரையாக நின்ற ராசு, கல்வராயன் மலையிலிருந்து கரும்பு வேலைக்கு இறங்கி வந்தவன். குதிரை மற்றவர்களைத் தாண்டிப் போகலாம் என்று கேட்டதும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வழியில் உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்த சாலம்மாளின் தலைக்கு மேல் நிஜமாகவே ஒரு தாண்டு தாண்டினான்.

"அடப் பாவி! தாண்டிட்டானே! திருப்பித் தாண்டச் சொல்லுங்க சார்!"

"எதுக்கும்மா?"

"ஆளைத் தாண்டினா திருப்பித் தாண்டணும் சார். இல்லன்னா ஆகாது."

"அது கொழந்தைங்களுக்குத்தானே? வளத்தி நின்னு போயிடும்னுதானே? உனக்கு இனிமே இன்னா வளத்தி?"

"அது நான் பாத்துக்கறேன். திருப்பித் தாண்டச் சொல்லுங்க."

திருப்பித் தாண்டினால் அது இன்னொரு நகர்த்தலாகிவிடும் என்று வெங்கடேசன் விளக்கினார். மேலத்தெருப் பெண்கள் எல்லாரும் சாலம்மாள் பக்கம் நின்றார்கள். ராமசாமிக்கு வேறு வழியில்லை. அடுத்த முறை ராசு திருப்பித் தாண்டினான். குதிரை தாண்டும்போது யாரும் உட்காரக்கூடாது என்று வெங்கடேசன் அங்கேயே ஒரு புது விதி போட்டார்.

சாலம்மாள் அதே கட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பக்கத்து வரிசையிலிருந்த கருப்புச் சிப்பாய் ஒருவன் இரண்டு கட்டம் பாய்ந்து வந்து அவள் தோளோடு தோள் நின்றான். வெங்கடேசன் தன் கடமையைச் செய்தார்.

"இப்ப மட்டும் அவனைப் பந்திக்கு அனுப்பலாம். அவன் ரெண்டு கட்டம் வைக்காம ஒண்ணு வச்சிருந்தா எங்க நின்னிருப்பானோ, அந்தக் கட்டத்துக்கு நீ போவணும்."

"பக்கத்துல நிக்கிறவனை, அங்க நிக்கிற மாதிரி நெனச்சிக்கினு அனுப்பணுமா?" என்றார் ராமசாமி.

"ஆமாங்க."

"நெனக்கிறதுக்கெல்லாமா விதி இருக்குது?"

"இருக்குதுங்க. இப்ப வுட்டா அப்பால முடியாது."

அந்தச் சிப்பாய் பதறிப்போய்க் கைகூப்பினான். "ஐயா, அவரு சொல்றதைக் கேளுங்க ஐயா. நெனச்சிக்குங்க ஐயா. இப்ப வுட்டா எனக்குக் கறி இல்ல ஐயா."

எதிர்த்தெரு ஆளாக இருந்தாலும் அவன் கெஞ்சல் ராமசாமியைக் கரைத்துவிட்டது. அனுப்பினார். அதனால் வழி திறந்து, சாலம்மாள் தடையில்லாமல் நடந்து கடைசி வரிசையை அடைந்துவிட்டாள்.

வெங்கடேசனுக்கு மறுபடி உற்சாகம் வந்தது. "கடைசி வரிசைக்கு வந்த சிப்பாய் வேற காயாக மாறலாம்! சாலம்மா, இன்னாவா ஆவணும்னு சொல்லு."

அவள் யோசிக்கவே இல்லை. "ராஜா."

"ராஜா ஆவ முடியாது."

"ஏன்?"

"அது மட்டும் முடியாதும்மா."

"அப்ப பொறக்கும்போதே ராஜாவாப் பொறந்தாத்தானா?"

வெங்கடேசன் மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சரி, சிப்பாயாவே இருந்துக்கறேன்."

"அதுவும் முடியாது. கடைசிக்கு வந்துட்டா எதுனா ஆயித்தான் தீரணும். எல்லாரும் ராணியாத்தான் ஆவாங்க."

வந்தது வினை. லட்சுமியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தன் கட்டத்திலிருந்து திரும்பினாள்.

"யாருக்கு ராணி?"

"உங்க பக்கந்தாங்கம்மா. வெள்ளை ராணி."

"நான் குத்துக்கல்லாட்டம் நின்னுகினு கீறேன். இன்னொருத்தியா?"

"ரெண்டு ராணி இருக்கலாங்கம்மா. விதியில இடம் இருக்குது."

"எந்த வூட்டு விதி அது? ஏங்க, நீங்க சொன்னீங்களா இதை?"

"நான் எங்கடி சொன்னேன்? அந்த சார் சொல்றாரு!" ராமசாமி வெங்கடேசனைக் கை காட்டினார். ஊரே சிரித்தது. எதிர்ப்பக்கத்தில் பகலவன், அக்காவின் குரல் உயர்ந்ததும் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான்.

"யம்மா, எனக்கு உங்க ராணி வேலை வேணாம்மா," என்றாள் சாலம்மாள். "சார், எந்தக் காயி சீக்கிரம் பந்திக்குப் போவும்? அதுவா ஆக்குங்க."

அவளை யானையாக்கினார்கள். ஆனால் லட்சுமியம்மாளின் கோபம் தணியவில்லை. கருப்பு ஒரு காயை நகர்த்தியதும், யாரும் சொல்லாமலே அவள் கிளம்பினாள். நடுவிலிருந்த கட்டங்களை எல்லாம் கடந்து, நேராகத் தன் தம்பிக்கு எதிர்க் கட்டத்தில் போய் நின்றாள்.

"ராஜா சொன்னாத்தான் நகரணுங்கம்மா," என்றார் வெங்கடேசன்.

"அவரு சொல்லிட்டாரு."

எல்லாரும் ராமசாமியைப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டினார். "ஆமா. சொன்னேன்."

நல்லவேளையாக, ராணி போகக்கூடிய நேர்வழிதான் அது. "செக்!" என்று அறிவித்தார் வெங்கடேசன். பகலவன் சுற்றும்முற்றும் பார்த்தான். அவனைச் சுற்றி அவன் ஆட்களே அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"நகர எடமில்லீங்க," என்றார் வெங்கடேசன். "அவங்களை நீங்களே பந்திக்கு அனுப்பித்தான் ஆவணும்."

"ராஜாவும் அனுப்பலாமா?"

"அனுப்பலாம். இப்ப அனுப்பியே தீரணும்."

"அக்கா," என்றான் பகலவன், "நீ போயி சாப்புடுக்கா." லட்சுமியம்மாள் தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் பந்தலுக்கு நடந்தாள். ஆள் மேல் கை பட்டதைச் செந்தமிழ்ச்செல்வி பார்த்தாள். அக்கா தம்பிக்குள் நடப்பது என்று விட்டுவிட்டாள்.

ஆனால் களத்தில் நின்ற அத்தனை பேரும் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். ராஜாவுக்கு நெருக்கமாகப் போய்ச் செக் வைத்து நின்றால், எவ்வளவு கஞ்ச ராஜாவாக இருந்தாலும் பந்திக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். ராசு தாண்டிப் போய்ச் செக் வைத்தான். செழியன் மீசையை முறுக்கியபடி ராமசாமியின் முன்னால் வந்து நின்றான். தப்பி ஓடினால் அடுத்தவன் செக் வைத்தான். இங்கே ஒரு செக், அங்கே ஒரு செக். யாருடைய முறை என்று வெங்கடேசன் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. பந்தலில் இரண்டாம் பந்தி நிறைந்தது. மூன்றாம் பந்தியில் சாலம்மாளும் போய் உட்கார்ந்தாள்.

களத்தில் இரண்டு ராஜாக்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

"எனக்கு எப்ப சார் பந்தி?" என்றார் ராமசாமி.

"ராஜாவைப் பந்திக்கு அனுப்ப முடியாதுங்க. விதியில இல்ல."

"எப்பவுமேவா?"

"எப்பவுமேங்க."

பகலவன் நேராக அவரை நோக்கி வந்தான். "நான் அவருகிட்டப் போயி நின்னுடுறேன். அவரு என்னை அனுப்பட்டும்."

"ராஜாவும் ராஜாவும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்துல நிக்கக்கூடாது," என்று வெங்கடேசன் கரகரத்தார். "ஆட்டம் டிரா. யாரும் ஜெயிக்கல. ரெண்டு பேரும் எறங்கி வந்து சாப்புடுங்க."

யாரும் ஜெயிக்கவில்லை என்பதை இருவருமே ஏற்கவில்லை. காலையிலிருந்து நின்றிருக்கிறோம், ஒருத்தராவது ஜெயித்திருக்க வேண்டுமே என்பது அவர்கள் வாதம். அதைவிடப் பெரிய சிக்கல், யார் முதலில் கட்டத்தை விட்டு இறங்குவது என்பது. முதலில் இறங்கியவர் தோற்றதாகத்தான் ஊர் பேசும். ஒன்று, இரண்டு, மூன்று சொல்கிறேன், இரண்டு பேரும் ஒன்றாக இறங்குங்கள் என்றார் வெங்கடேசன். மூன்று சொன்னார். இருவரும் காலைத் தூக்கி, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அதே இடத்தில் வைத்தார்கள்.

"மாமா, நீங்க எறங்கலியே?" என்றான் பகலவன். அவனை மீறி வந்துவிட்ட வார்த்தை.

"நீ எறங்கினியா மச்சான்?" என்றார் ராமசாமி.

வெயில் சாய்ந்தது. களத்துமேட்டுக்கு உளுந்துச் செடி ஏற்றிய டிராக்டர் வந்து நின்றது. மறுநாள் காலையில் அடிக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் களத்தை மெழுகியாக வேண்டும். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டிருந்த சாலம்மாளும் நாலைந்து பெண்களும் துடைப்பத்தோடும் சாணி வாளியோடும் ஏறி வந்தார்கள்.

"எறங்குங்க ஐயா, வேலை கீது."

"முடியாது சாலம்மா. ஆட்டம் நடக்குது."

"நடக்கட்டும் ஐயா. நாங்க சுத்தி மெழுவிக்கிறோம்."

ஓரத்திலிருந்து தொடங்கினார்கள். சுண்ணாம்புக் கோடுகள் ஒவ்வொன்றாகச் சாணியில் மறைந்தன. கடைசியில் இரண்டு பேரின் காலடியையும், "தூக்குங்க ஐயா, இந்தக் காலு, அந்தக் காலு," என்று சொல்லித் தூக்க வைத்து மெழுகினார்கள். களம் முழுதும் ஒரே நிறமாகிவிட்டது.

ராமசாமி குனிந்து பார்த்தார். "சார், இப்ப நான் எந்தக் கட்டத்துல நிக்கிறேன்?"

"கட்டமே இல்லீங்க," என்றார் வெங்கடேசன். நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்த அவருக்கு அதுதான் அன்று சொன்னதிலேயே சுலபமான பதில்.

கட்டமே இல்லாதபோது எதிலிருந்து இறங்குவது? இருவரும் ஈரச் சாணியில் காலடி பதிய, அவசரமாகப் பந்தலுக்கு நடந்தார்கள். கறி தீர்ந்திருந்தது. குழம்பும் ரசமும் இருந்தன. வெங்கடேசனும் அவர்களோடு உட்கார்ந்தார். லட்சுமியம்மாள்தான் பரிமாறினாள். யாருக்கும் இரண்டாவது கரண்டி குழம்பு வைக்கவில்லை.

அன்றிலிருந்து மாமனும் மச்சானும் பேசிக்கொண்டார்கள். சொசைட்டியிலும் டீக்கடையிலும் சேர்ந்தே உட்கார்ந்து, செழியனிடம் அட்டையும் காயும் வாங்கி வைத்து ஆடக்கூடச் செய்தார்கள். மாசி மகத்துக்குள் அது மறுபடி நின்றுபோனது. களத்தை மெழுகியபோது நகர வேண்டியது யாருடைய முறை என்பதில் வந்த சண்டை. இப்போது இருவரும் தனித்தனியே வெங்கடேசனுக்குப் போன் செய்து அதையே கேட்கிறார்கள். அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. பகலவனிடம் கருப்பின் முறை என்றும், ராமசாமியிடம் வெள்ளையின் முறை என்றும் சொல்லி வைத்திருக்கிறார்.